அரைத்து வைத்த சத்துமாவா, அன்றன்று காய்ச்சும் கேப்பைக் கூழா?

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து முதல் கூழ் ஊட்டும் காலம் வந்துவிட்டால், திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் இரண்டு கட்சி உருவாகிவிடும். தானியம், பயறு, பருப்பு வகைகளை வறுத்து மில்லில் கொடுத்துச் சத்துமாவு அரைத்து வை என்பது ஒரு கட்சி. கேப்பையை ஊறவைத்துப் பால் எடுத்து அன்றன்றைக்குக் காய்ச்சு என்பது மற்றது. எங்கள் வீட்டில் மைனி முதல் கட்சி, ஆச்சி இரண்டாவது. இரண்டையும் என் மகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகு நான் ஆச்சி பக்கம் சேர்ந்துவிட்டேன். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். தாய்ப்பால் தொடர வேண்டும். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, கருப்பட்டி எதுவும் நாமாகச் சேர்க்க வேண்டாம். நாக்கில் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகளை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடல் தாங்காது என்பதால் அது கண்டிப்பாகக் கூடாது. கடையில் விற்கும் டப்பா உணவை இந்த அலசலில் சேர்க்கவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரப்படுத்தவே 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை விதித்திருக்கின்றன. வாங்குகிறவர்கள் லேபிளில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து வாங்கினால் போதும்.

சத்துமாவின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கேப்பை, சிறுபயறு, கோதுமை, பொரிகடலை எல்லாம் சேரும்போது தானியத்தில் குறைகிற புரதத்தைப் பயறு ஈடுகட்டுகிறது. முளைகட்டி அரைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. முளைக்கும்போது உண்டாகும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்கிவிடும். குழந்தையின் வயிறு சிறியது. கெட்டிப்படாமல் அதிக மாவு சேர்க்க முடிந்தால் அதே நாலு கரண்டியில் கூடுதல் பலம் உள்ளே போகிறது. காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்குக் கிடைக்கும் வசதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் அரைத்த மாவைக் காப்பாற்றுவது தனி வேலை. என்னை மாற்றியது அதுதான்.

மில்லிலிருந்தே அது தொடங்கிவிடுகிறது. ஊர் மாவு மில்லில் நமக்கு முன்னால் நிற்பவர் பெரும்பாலும் மிளகாய் வத்தலும் மல்லியும் கொண்டுவந்திருப்பார். குழந்தைக்கு என்று சொன்னால் மில்காரர் ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டிக் கழித்துவிட்டுத்தான் நம் சாமானைப் போடுவார். அப்படியும் மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து முகர்ந்தால், தூக்குச்சட்டியின் விளிம்பில் வத்தல் நெடி மெல்ல ஏறும். குழந்தையின் வாயில் அது எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்ல யாரும் இல்லை.

அடுத்தது சூடு. மில்லிலிருந்து வரும் மாவு கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் வியர்த்து மாவில் சொட்டும். மறுநாள் மேலே சிறு சிறு கட்டிகள். வெள்ளைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவைத்து, சலித்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு, ஈரமில்லாத கரண்டியால் மட்டும் எடுக்க வேண்டும். வீட்டில் நாலு பேர் கை வைக்கிற அடுப்படியில் இந்தக் கடைசி விதியை யார் காப்பது?

பாதாம், முந்திரி, நிலக்கடலை சேர்த்திருந்தால் கவலை இரட்டிப்பு. முழுக் கொட்டையில் எண்ணெய் உள்ளே பத்திரமாக இருக்கிறது. பொடித்தால் முழுவதும் காற்றில் படுகிறது. சில வாரங்களிலேயே சிக்கு வாடை தலைகாட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலுக்கு வழியில்லை, வண்டும் வரும். வண்டையாவது கண்ணால் பார்க்கலாம். ஈரம் பட்ட நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கும் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கண்ணுக்குத் தெரியாது, கூழாகக் காய்ச்சினாலும் போகாது. எனவே மாதக்கணக்குக்கு அரைத்து வைப்பது எனக்குச் சம்மதமில்லை. முழுத் தானியமாக இருந்தால் சுளகில் புடைத்து, கெட்டதைப் பொறுக்கி எறியலாம். மாவான பிறகு எதைப் பொறுக்குவது?

கேப்பைக் கூழுக்கு இந்தப் பாடு இல்லை. இரவில் இரண்டு கரண்டி கேப்பையைக் கல், தூசி போகக் கழுவி ஊறவைத்தால், காலையில் மிக்சியில் அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டிப் பிழியலாம். கொஞ்ச நேரம் தெளியவிட்டு மேல்நீரைக் கொட்டினால் அடியில் வழவழப்பான பால் தங்கியிருக்கும். அதில் தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். முதலில் வெளுத்துக் கிடப்பது மெல்லப் பழுப்பேறி, மினுமினுப்பு வந்து, கரண்டியில் ஒட்டாமல் வழுக்கி விழும். பச்சை வாடை போனதற்கு அதுவே அடையாளம். மிச்சப் பாலை ஃப்ரிட்ஜில் ஒரு நாளைக்கு மேல் வைப்பதில்லை, காய்ச்சிய கூழை மிச்சம் வைப்பதே இல்லை.

இதிலும் குறை உண்டு. கேப்பையின் பெருமையே கால்சியம்தான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். அதில் நல்ல பங்கு மேல்தோலில் இருப்பதால் வடிகட்டும்போது திப்பியோடு கொஞ்சம் போய்விடுகிறது. ஆகவே பழகியதும் துணியை விட்டுக் கண் பெரிய சல்லடைக்கு மாறினேன். பிறக்கும்போது குழந்தை உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்து ஆறு மாதத்தையொட்டிக் குறைந்துவிடுகிறது. கூழை மட்டும் நம்பினால் அது ஈடாகாது. இதற்கு எங்கள் வீட்டு வழி குக்கர் கிண்ணம். எல்லோருக்கும் சோறு வைக்கும்போது ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரு பிடி அரிசி, பாசிப்பருப்பு, ஒரு துண்டு கேரட், நாலு முருங்கை இலை போட்டு உள்ளே வைத்துவிடுவேன். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி. 16 அரிசி இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. குட்டையான பருமன் அரிசி, எங்கள் குக்கரில் நன்றாகவே குழைகிறது. நெய் ஒரு சொட்டு விட்டு மசித்தால் வேலை முடிந்தது. பிறகு நன்றாக வெந்த முட்டையும் முள் நீக்கிய மீனும் சேர்ந்தன.

முளைகட்டிய மாவின் நன்மையையும் விட வேண்டியதில்லை. ஒரு பிடி கேப்பையை முளைகட்டி உலர்த்தி, வறுத்து மணம் வந்ததும் மிக்சியிலேயே பொடித்துச் சலித்துக்கொள்ளலாம். வறுப்பு மிதமாக இருக்க வேண்டும், அதிகச் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். கெட்டிக் கூழில் ஒரு சிட்டிகை கலந்து, இளகியதும் ஒரு கொதி விட வேண்டும். கொஞ்சமாகச் செய்வதால் பழசாகும் முன்பே தீர்ந்துவிடுகிறது.

தனித்தனியாகக் கொடுப்பதில் இன்னொரு நிம்மதி: புதிதாக ஒன்று கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்த்து அடுத்ததற்குப் போகலாம். பல சாமான் கலந்த மாவில் தடிப்பு வந்தால் எதனால் என்று யார் சொல்வது?

களக்காட்டுப் பக்கத்து உறவினர்கள் ஏத்தங்காய், அதாவது நேந்திர வாழைக்காய்ப் பொடிதான் சிறந்தது என்பார்கள். ஏத்தன் காயை மெல்லிசாகச் சீவி, வெயிலில் சருகாகக் காயவைத்துப் பொடித்தது. என் மகள் அதை விரும்பித்தான் சாப்பிட்டாள். ஆனால் கொஞ்ச காலமே கொடுத்தோம் என்பதால் எடை ஏறுவதற்கு அது எவ்வளவு உதவும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. புரதம் அதில் குறைவு, ஆகவே தனி உணவாக வைக்க மாட்டேன்.

வேலைக்குப் போகிற தாய்மாருக்கும் நீண்ட ரயில் பயணத்துக்கும் மாவுதான் கைகொடுக்கும், மறுக்கவில்லை. நானும் சென்னைக்குக் கிளம்பினால் சின்ன டப்பாவில் பொடி எடுத்துப் போகிறேன். அப்படி அரைப்பவர்கள் கொட்டைகளை மாவில் சேர்க்காமல் அவ்வப்போது தனியாகப் பொடித்துக் கலக்கலாம். இரண்டு வாரத்துக்கு மட்டும் அரைத்தால் போதும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வைட்டமின்களும் தாதுக்களும் சேர்த்திருக்கிறார்கள் என்பது பெரிய அனுகூலம். வெல்லமும் அதில் உண்டு, ஆகவே மேலும் இனிப்புச் சேர்க்காமல், பாக்கெட்டில் உள்ள தேதியைப் பார்த்துக் காய்ச்சுங்கள்.