அடையாறு ஞாயிறு வகுப்பு: வெறுப்புச் சுவரொட்டிகளை உற்றுப் பார்க்கக் கற்றுத்தருகிறார்கள்

அடையாறில் ஒரு மாடி ஹாலில் ஞாயிறு காலை நடக்கும் வகுப்பு இது, கட்டணம் 600 ரூபாய். சர்வாதிகார ஆட்சிகள் படத்தையும் பேச்சையும் வைத்துச் சிறுபான்மையினரை எப்படிப் பலிகடா ஆக்கின என்பதுதான் பாடம். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கிறது.

பவர்பாயிண்ட் கிடையாது. பழைய சுவரொட்டிகளின் நகல்களைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டி, விளக்கம் எதுவும் சொல்லாமல் முதலில் நம்மைப் பார்க்கவிடுகிறார்கள். 1937 நவம்பரில் நாஜிகள் மியூனிக்கில் திறந்த 'நித்திய யூதன்' கண்காட்சியின் சுவரொட்டிதான் என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது. அதில் வரைந்திருக்கும் யூதனுக்கு ஒரு கையில் நாணயங்கள், இன்னொரு கையில் சவுக்கு, கக்கத்தில் அரிவாள் சுத்தியல் பதித்த வரைபடம். பணமுதலையும் அவன்தான், கம்யூனிஸ்ட்டும் அவன்தான்! கடன்பட்டவனுக்கு ஒரு காரணம், புரட்சிக்குப் பயந்தவனுக்கு வேறொரு காரணம், இரண்டுக்கும் ஒரே முகம், அதுதான் அந்தப் படம் செய்த வேலை. 1933இல் ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை, அதனால் யூதர் ஒருவரோடும் பழகியிராதவர்களுக்கு இந்த முகம்தான் யூதர்.

அப்புறம் நாஜிக் கட்சிக்காரர் யூலியஸ் ஸ்ட்ரைஷர் நடத்திய 'டெர் ஸ்டுர்மர்' வாரப் பத்திரிகை. "யூதர்களே நமது கேடு" என்ற வரி முதல் பக்கத்தின் அடியில் வாராவாரம் வரும். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தெருமுனையிலும் பேருந்து நிறுத்தத்திலும் நிறுத்தினார்கள். நம் ஊர்ப் பெட்டிக்கடை வாசலில் தொங்கும் செய்தித்தாள் போஸ்டரைக் கண் தானாகப் படித்துவிடுகிறதே, அப்படித்தான், வாங்காதவனும் படித்தான். கொலைக்குத் தூண்டும்படி எழுதிப் பரப்பியதற்காக போருக்குப் பிறகு நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி 1946இல் ஸ்ட்ரைஷரைத் தூக்கிலிட்டார்கள்.

"படிச்சவங்க கூடவா சார் இதையெல்லாம் நம்பினாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "நம்பணும்னு இல்லைங்க ஐயா, பழகிட்டாலே போதும்" என்றார் ஆசிரியர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

குறைகளும் உண்டு. ருவாண்டாவைக் கடைசியில் அவசரமாக முடித்துவிட்டார்கள். 1993இல் தொடங்கிய ஆர்டிஎல்எம் வானொலி அந்நாட்டுச் சிறுபான்மையினரான துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று பாட்டுக்கு நடுவே சொல்லிச் சொல்லியே 1994 இனப்படுகொலைக்கு ஆள் திரட்டியது, அதற்கே ஒரு வகுப்பு தனியாக வேண்டும். 1944இல் சோவியத்தில் ஸ்டாலின், கிரிமியாவில் வாழ்ந்த முஸ்லிம் சிறுபான்மையினரான தாத்தார்களைத் துரோகிகள் என்று முத்திரை குத்தி மொத்தமாக நாடுகடத்தியது பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, இதை நான் பெரிய விடுபடலாகவே பார்க்கிறேன்.

ஏசி இல்லை, வண்டி நிறுத்த இடமும் இல்லை, பஸ்ஸில் போவது நல்லது. படங்கள் கடுமையானவை, பத்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். சுவரொட்டிகளைப் போட்டோ எடுக்க விடுவதில்லை. சிலர் அதற்குச் சலித்துக்கொண்டார்கள், ஆனால் அது சரியான முடிவுதான், வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் ஆனால் விளக்கம் உதிர்ந்துபோய் படம் மட்டும்தான் ஊர் சுற்றும்.