பதிவு வரிசையா, வயது வரிசையா?

கொரோனா பரவலால் 2020 மார்ச் 17 அன்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் புதிய கருத்தரிப்பு சிகிச்சைச் சுழற்சிகளை, அதாவது முட்டையை எடுத்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் முயற்சிகளை, தொடங்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. பிரிட்டனில் ஏப்ரல் 15-க்குள் கருத்தரிப்பு சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. மே 11 முதல்தான் மையங்கள் மீண்டும் தொடங்க விண்ணப்பிக்க முடிந்தது. மூடியிருந்தது சில வாரங்களே என்றாலும், பொது நிதியில் சிகிச்சை தரும் மையங்களில் சேர்ந்துவிட்ட காத்திருப்போர் பட்டியலை எந்த முறையில் அழைப்பது என்ற கேள்வி நின்றுவிட்டது.

பதிவுத் தேதிப்படி அழைப்பது எளிது. யார் சிபாரிசும் செல்லாது, தன் இடம் எது என்று எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முறை எல்லோருடைய ஆறு மாதத்தையும் ஒரே ஆறு மாதமாக எண்ணுகிறது. 29 வயதுப் பெண்ணுக்கு அது மன வேதனை. 39 வயதுப் பெண்ணுக்கு அதோடு கருமுட்டையின் தரமும் சேர்ந்து போகிறது.

அவசரத்தின்படி அழைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, அவசரத்தை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதில் கவனம் இருந்தால். ஏஎம்எச் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை எத்தனை முட்டைகள் கிடைக்கலாம் என்பதைத்தான் காட்டும், தரத்தைக் காட்டாது. ஆகவே வயதுக்கே முதல் எடை தரவேண்டும். புற்றுநோய் சிகிச்சைக்கு முன் முட்டையையோ விந்தணுவையோ உறைய வைக்க வருவோரை எந்த வரிசையிலும் நிறுத்தக் கூடாது. இளையவர்கள் முடிவின்றிப் பின்தள்ளப்படுவது இம்முறையின் உண்மையான குறை. இத்தனை மாதத்துக்கு மேல் யாரும் காத்திருக்கக் கூடாது என்ற உச்ச வரம்பு இல்லாமல் இதை நான் ஏற்கமாட்டேன்.

வரிசையை மாற்றினால் மட்டும் தீராத ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2013 வழிகாட்டி 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று முழுச் சுழற்சிகளையும், 40 முதல் 42 வயது வரையிலானவர்களுக்குச் சில நிபந்தனைகளுடன் ஒன்றையும் பரிந்துரைத்தது. 39 வயதில் பெயர் கொடுத்து, மையம் மூடியிருந்தபோது 40-ஐத் தொட்ட பெண், தன் தவறு எதுவுமின்றி இரண்டு வாய்ப்புகளை இழக்கிறார். உறைய வைத்த கருக்களைச் சேமிக்க அப்போதிருந்த பத்தாண்டு வரம்பை அதே பிரிட்டன் 2020-இல் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது; கருவுக்குக் கிடைத்த அந்தச் சலுகையைக் காத்திருக்கும் பெண்ணுக்கும் தரலாம். பதிவேட்டில் பெயருக்கு நேரே பதிவு செய்த நாளின் வயதையும் எழுதி, தகுதியை அந்த வயதைக் கொண்டும் அழைப்பு வரிசையை இன்றைய வயதைக் கொண்டும் முடிவு செய்தால் போதும்.