படகா, ராஃப்டா, சறுக்கா? கப்பல் சாயும்போது எது கைகொடுக்கும்

பயணிகள் கப்பலின் பக்கவாட்டில் வரிசையாகத் தொங்கும் ஆரஞ்சு நிறப் படகுகளைப் பார்த்ததும் நம் மனதில் ஓடுவது ஒரே கணக்குத்தான். எத்தனை பேர் இருக்கிறோம், எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? டைட்டானிக் விட்டுச்சென்ற கணக்கு அது. 1912-இல் அந்தக் கப்பலில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். 20 படகுகளிலும் சேர்த்து 1,178 பேருக்குத்தான் இடம். அன்றைய பிரிட்டிஷ் விதி, கப்பலின் டன்னேஜை வைத்துப் படகுகளின் எண்ணிக்கையைச் சொன்னது. 10,000 டன்னைத் தாண்டிவிட்டால் கப்பல் எவ்வளவு பெரிதானாலும் 16 படகு போதும். டைட்டானிக் 46,000 டன். சட்டம் கேட்டதைவிட நான்கு படகுகள் அதிகமாகவே வைத்திருந்தது.

அந்த இரவின் இன்னொரு பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. கடல் அமைதியாக இருந்தது. கப்பல் பெரிதாகப் பக்கவாட்டில் சாயவில்லை. மோதியதிலிருந்து மூழ்கும் வரை 2 மணி 40 நிமிடம் கிடைத்தது. அப்படியும், கடைசி இரண்டு மடக்குப் படகுகளை முறையாக இறக்க நேரம் போதாமல் தண்ணீரே அவற்றை அடித்துக்கொண்டு போனது. முதலில் இறங்கிய 7-ஆம் எண் படகில் 65 பேருக்கு இடம் இருந்தும் போனவர்கள் 28 பேர். அதனால் உயிர்காப்புச் சாதனங்களை ஒப்பிடும்போது இருக்கை எண்ணிக்கையை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். இறங்க எத்தனை நிமிடம் ஆகும்? கப்பல் சாய்ந்துவிட்டால் அப்போதும் இது வேலை செய்யுமா?

இன்று பயணிகள் கப்பல்களில் போட்டியிடுபவை மூன்று: டேவிட் எனும் இரும்புக் கரங்களில் தொங்கும் லைஃப் போட், வெள்ளை நிற உருளைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காற்றடைத்த லைஃப் ராஃப்ட், ராஃப்டுகளில் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சறுக்கு அல்லது குழாய்.

முதலில் படகு. வசதியில் இதற்கு ஈடே இல்லை. பயணி நனையாமல், தளத்திலிருந்தே ஏறி உட்காரலாம். முதியவர், கைக்குழந்தையோடு வருபவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் என எல்லோரையும் ஏற்ற முடியும். கூரை உண்டு, எஞ்சின் உண்டு. அமைதியான நீரில் 6 நாட் (மணிக்கு 6 கடல்மைல்) வேகத்தில் ஓட வேண்டும், 24 மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்க வேண்டும் என்பது சோலாஸ் எனும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. ஆளுக்கு 3 லிட்டர் குடிநீரும் வைத்திருப்பார்கள். வழக்கமான உச்ச வரம்பு 150 பேர். ஆனால் ஓயாசிஸ் வகைப் பெருங்கப்பல்களில் ஒரே படகில் 370 பேர் ஏறலாம். எஞ்சின் இருப்பதால் எரியும் கப்பலை விட்டு விலகலாம், சிதறிய ராஃப்டுகளைக் கட்டி இழுக்கலாம். மற்ற இரண்டாலும் இதைச் செய்ய முடியாது.

ஆனால் இதன் பலவீனம் ஒன்று இருக்கிறது, நூறு வருடமாக அது நம்மை விடவில்லை: சாய்வு. கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் உயரும். உயர்ந்த பக்கத்துப் படகு கீழே இறங்காமல் கப்பலின் உடம்போடு உரசிக்கொண்டே சறுக்கும், இல்லையென்றால் உள்பக்கமாக ஊசலாடும். தாழ்ந்த பக்கத்திலோ, படகு கப்பலை விட்டு வெளியே விலகித் தொங்கும். நடுவில் விழும் இடைவெளியைத் தாண்டி ஏற வேண்டும். 1915-இல் டார்பிடோவால் தாக்கப்பட்ட லூசிடானியாவில் மடக்குப் படகுகளையும் சேர்த்து 48 இருந்தன. இடம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. கப்பல் உடனே வலப்பக்கம் சாய்ந்து 18 நிமிடத்தில் மூழ்கியது, ஒழுங்காக இறங்கியவை 6 படகுகள்தான். 1956-இல் ஸ்டாக்ஹோம் கப்பலோடு மோதிய ஆண்ட்ரியா டோரியாவும் இப்படித்தான். அதன் 16 படகுகளில் உயர்ந்த பக்கத்து 8 படகுகளை இறக்கவே முடியவில்லை. அந்தக் கப்பல் சுமார் 11 மணி நேரம் மிதந்தது, உதவிக்கு வந்த மற்ற கப்பல்கள் தங்கள் படகுகளை அனுப்பின. மோதலில் தப்பியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைத்தது அதனால்தான்.

இப்போதைய விதி, 20 பாகை வரை பக்கவாட்டிலும் 10 பாகை வரை முன்பின்னாகவும் சாய்ந்தாலும் படகு இறங்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் விபத்து 20 பாகையில் நின்று நமக்காகக் காத்திருக்காது. 2012-இல் கோஸ்டா கன்கார்டியா ஜில்லியோ தீவருகே பாறையில் மோதியபோது, படகுகளால் கப்பலிலிருந்த 4,200-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். இறந்தவர்கள் 32 பேர். ஆனால் கப்பலைக் கைவிடும் உத்தரவு வர, மோதியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதற்குள் சாய்வு கூடிவிட்டது. உயர்ந்த பக்கத்தில் மிஞ்சியவர்கள் கயிற்று ஏணியைப் பிடித்துக் கப்பலின் உடம்பின் மேலேயே இறங்க வேண்டியிருந்தது. அந்த ஒரு மணி நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் அதே படகுகள் இன்னும் பலரைக் காப்பாற்றியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

படகின் இரண்டாவது பிரச்சினை கொக்கி. பல டன் எடையுள்ள படகை முன்னும் பின்னும் இரண்டு கொக்கிகளும் கம்பிவடங்களும் தாங்குகின்றன. ஒன்று மட்டும் விடுபட்டால் படகு செங்குத்தாகத் தொங்கி ஆட்களைக் கொட்டிவிடும். பயணிகளைக் காப்பாற்றப் பயிற்சி செய்யும்போதே மாலுமிகள் இறக்கிறார்கள், அதுதான் கொடுமை. 2013-இல் கேனரி தீவுகளின் லா பால்மாவில் ஒரு பயணக் கப்பலின் பயிற்சியில் கம்பிவடம் அறுந்து படகு விழுந்து 5 பணியாளர்கள் இறந்தார்கள். துருப்பிடித்த வடம்தான் காரணம். ஆபத்தான பழைய கொக்கிகளை மாற்றச் சொல்லிச் சோலாஸ் விதியே திருத்தப்பட்டது. படகு வைத்திருக்கும் கப்பல் அதன் கம்பியையும் கொக்கியையும் குழந்தையைப் போலக் கவனிக்க வேண்டும். கவனிக்காத படகு, படகே இல்லாததைவிட மோசம்.

சரி, ராஃப்டுக்கு வருவோம். பெட்டியைக் கடலில் தள்ளிவிட்டுக் கயிற்றை இழுத்தால் உள்ளிருக்கும் வாயு சிலிண்டர் திறந்து ராஃப்ட் உப்பிக்கொள்ளும். 18 மீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் தாங்க வேண்டும், மிதந்தபடி 30 நாள் எல்லா வானிலையிலும் நிலைக்க வேண்டும் என்பது அதற்கான சோதனை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நீரழுத்தத்தால் தானே விடுபடும் பூட்டு. யாரும் தொடாமலே கப்பல் மூழ்கினாலும், 4 மீட்டர் ஆழத்துக்குள் அந்தப் பூட்டு திறந்து பெட்டி மேலே வந்துவிடும். இரும்புக் கரத்தில் கட்டிய படகு கப்பலோடு போய்விடும், ராஃப்ட் மிதந்து வரும். சில நிமிடங்களில் கவிழும் கப்பலுக்கு இதைவிட நம்பகமான துணை இல்லை.

எடையும் இதற்குச் சாதகம். படகுகளைக் கூட்டக் கூட்டக் கப்பலின் தலை கனக்கும். டைட்டானிக்குக்குப் பின் வந்த புதிய சட்டத்தின் வேகத்தில், ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த ஈஸ்ட்லேண்ட் என்ற கப்பலின் மேல்தளத்தில் படகுகளையும் மிதவைகளையும் கூட்டினார்கள். 1915-இல் சிகாகோவில் கரையில் கட்டியிருந்த நிலையிலேயே அது கவிழ்ந்து 844 பேர் இறந்தார்கள். பாதுகாப்புக்கென்று ஏற்றிய சுமையும் அந்தச் சாவுக்கு ஒரு காரணமானது. இதை நினைக்கும்போதெல்லாம் மனது கலங்கும்.

ராஃப்டின் குறைகளையும் மறைக்க வேண்டாம். எஞ்சின் கிடையாது, காற்று போகிற போக்கில் போகும். சில சமயம் தலைகீழாக உப்பும். அப்போது ஒருவர் தண்ணீரில் இறங்கி அதைத் திருப்ப வேண்டும். சறுக்கு இல்லாத இடத்தில், பெரும்பாலும் நனைந்துதான் ஏற முடியும். 1994 செப்டம்பரில் பால்டிக் கடலில் எஸ்டோனியா என்ற கப்பல் புயலில் சாய்ந்து மூழ்கியபோது படகுகளை இறக்க வாய்ப்பே இல்லாமல் போனது. தப்பியவர்கள் பெரும்பாலும் ராஃப்டுகளில் தொற்றிக்கொண்டவர்கள். 989 பேரில் பிழைத்தவர்கள் 137 பேர். ராஃப்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகும் நனைந்த உடம்போடு குளிரில் இறந்தவர்கள் உண்டு. இன்னொன்று பராமரிப்பு. வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். 2014-இல் 304 உயிர்களைப் பறித்த செவோல் கப்பலில் 46 ராஃப்டுகள் இருந்தன, ஒன்றிரண்டுதான் பயன்பட்டன. பெட்டி வெள்ளையாகப் பளபளப்பதை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது.

மூன்றாவது, சறுக்கு. விமானத்தில் இருப்பது போன்ற காற்றடைத்த சரிவும் உண்டு. உள்ளே வளைந்து வளைந்து வேகத்தைக் குறைக்கும் செங்குத்துக் குழாயும் உண்டு. ஃபெர்ரிகளிலும் அதிவேகக் கப்பல்களிலும் இது அதிகம். பல மாடி உயரத்திலிருந்து நூற்றுக்கணக்கானோரை நனையாமல் ராஃப்டுக்குக் கொண்டுவர இதுவே வேகமான வழி. அடைத்துக்கொள்ளும் இடமும் குறைவு. ஆனால் பலத்த காற்றில் சரிவு வகை முறுக்கிக்கொள்ளும். முதியவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் குழாய் எளிதல்ல. 2002-இல் டோவர் துறைமுகத்தில் நடந்த பயிற்சியிலேயே ஒரு தன்னார்வலர் குழாய்க்குள் சிக்கி இறந்தார். இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொன்னால், காற்று அதிகமுள்ள கடலுக்குக் குழாய், குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் போகும் வழிக்குச் சரிவு.

சரக்குக் கப்பலின் பின்புறத்திலிருந்து குதிக்கும் படகைப் பயணிகள் கப்பலில் ஏன் வைப்பதில்லை என்று சிலர் கேட்பார்கள். அதில் ஒவ்வொருவரும் பெல்ட்டால் இறுகக் கட்டியிருக்க வேண்டும், விழும் அதிர்ச்சியை முதுகெலும்பு தாங்க வேண்டும். பயிற்சி பெற்ற இருபது மாலுமிகளுக்கு அது சரி, நாலாயிரம் பயணிகளுக்கு நடக்காது.

விதி ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை, கலக்கச் சொல்கிறது. நீண்ட சர்வதேசப் பயணத்தில் ஒவ்வொரு பக்கமும் பாதிப் பேருக்குப் படகு வேண்டும். அதை ஒரு பக்கத்துக்கு 37.5 சதவீதம் வரை குறைத்து மீதியை ராஃப்டால் நிரப்பலாம். அதற்கு மேல் இன்னும் 25 சதவீதத்துக்கு ராஃப்ட். குறுகிய சர்வதேசப் பயணம் என்றால், அதாவது பாதுகாப்பான துறையிலிருந்து 200 கடல்மைலுக்கு மேல் விலகாத பயணம் என்றால், 30 சதவீதத்துக்குப் படகு இருந்தால் போதும், மற்றது ராஃப்ட். கைவிடும் சமிக்ஞை ஒலித்த 30 நிமிடத்துக்குள் எல்லோரையும் ஏற்றி இறக்கிவிட வேண்டும்.

இந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. வாகனங்களை ஏற்றும் ஃபெர்ரியில் நீண்ட வாகனத் தளத்துக்குள் நீர் புகுந்தால் நிமிடங்களில் சாயும், அங்கே ராஃப்டும் சறுக்கும்தான் முந்தும். பெரிய சுற்றுலாக் கப்பல் பொதுவாகத் தீப்பிடித்தாலும் நீண்ட நேரம் மிதக்கும், பயணிகளில் முதியவர்களும் அதிகம், அங்கே படகுதான் முதலில். என் மனக்குறை ஒன்றுதான். குளிர்கடலில் ஓடும் ஃபெர்ரிக்கும் வெதுவெதுப்பான கடலில் ஓடும் ஃபெர்ரிக்கும் படகு சதவீதம் ஒன்றே. தண்ணீரின் குளிர் அந்தக் கணக்குக்குள்ளேயே வர வேண்டும்.

அப்புறம் லைஃப் ஜாக்கெட். நுரை அடைத்ததா, காற்றடைப்பதா? பயணிகளுக்கு நுரைதான். கழுத்தில் மாட்டிப் பட்டையை இழுத்தால் வேலை முடிந்தது. மயங்கியவரைக்கூட முகம் மேலே இருக்கும்படி திருப்பி, வாயை நீர்மட்டத்துக்கு 12 செ.மீ. மேலே வைக்கும்படிதான் அதை வடிவமைக்கிறார்கள். காற்றடைப்பது கச்சிதமானது, அணிந்துகொண்டு வேலை பார்க்கலாம், ஆனால் சர்வீஸ் வேண்டும், பழக்கம் வேண்டும். அது பணியாளருக்கு ஏற்றது. நுரைக்கும் ஒரு அபாயம் உண்டு. நீர் நிறையும் அறைக்குள் மாட்டிக்கொண்டால் அது ஆளைக் கூரையோடு ஒட்டிவிடும், மூழ்கி வாசலைத் தாண்ட விடாது. அதனால் நுரை ஜாக்கெட் போட்டவர் திறந்த தளத்துக்கு வந்துவிட வேண்டும்.

ஜாக்கெட்டை எங்கே வைப்பது என்பதிலும் இரண்டு வழக்கம் இருக்கிறது. சில கப்பல்களில் பயணியின் அறையில், பல புதிய பெருங்கப்பல்களில் கூடுமிடத்தில், அதாவது ஆபத்து நேரத்தில் பயணிகள் வந்து கூட வேண்டிய இடத்தில். நான் கூடுமிடத்தின் பக்கம். கன்கார்டியாவுக்குப் பிறகு, 2015 முதல், ஒரு நாளுக்கு மேல் கப்பலில் தங்கப்போகும் புதிய பயணிகளுக்குக் கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பிய உடனே பயிற்சி கட்டாயம். அதற்கு முன் 24 மணி நேர அவகாசம் இருந்தது. அந்தப் பயிற்சியில் கூடுமிடத்தை ஒருமுறை பார்த்தவர், ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டதும் நேராக அங்கே வந்துவிடலாம். புகை நிறைந்த படிகளில் எதிர்த்திசையில் இறங்கி, ஜாக்கெட்டைத் தேடி அறைக்குப் போக வேண்டியதில்லை.