ஸ்லேவ் வாயேஜஸ்: காசில்லாமல் கிடைக்கும் கப்பல் கணக்கு

ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக் கடல் தாண்டி அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுபோய் விற்ற அடிமை வணிகத்தின் கப்பல் பதிவுகளைத் தேடிப் பார்க்க இந்த இணையதளத்துக்கு மிஞ்சியது எதுவும் என் கண்ணில் படவில்லை. சந்தா கிடையாது, 36,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கப்பல் பெயர், தலைவன், புறப்பட்ட துறைமுகம், ஏற்றப்பட்டவர்கள் எத்தனை, இறக்கப்பட்டவர்கள் எத்தனை என்று வரிசையாக வரும். அந்தக் கடைசி இரண்டையும் கழித்து, வழியில் செத்தவர்கள் எத்தனை என்று பார்த்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

நான் முதலில் தேடியது இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலை. 1788-இல் பிரிட்டன் கொண்டுவந்த டால்பன் சட்டம், கப்பலின் டன்னேஜை (கொள்ளளவை) வைத்து இத்தனை பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்றது, கூடவே ஒரு மருத்துவர் இருக்க வேண்டும், அவர் சாவுக் கணக்கு எழுத வேண்டும். அதற்கு முன் 600 பேருக்கு மேல் அடைத்த புரூக்ஸுக்கு அப்புறம் 454 பேர் வரை அனுமதி. ஒழுங்குமுறையாம்! ஆனால் அந்த ஒழுங்குமுறை கேட்ட காகிதங்கள்தான் இன்று சாட்சி.

தவறவிடக் கூடாதது பெயர்ப் பட்டியல். அடிமை வணிகம் தடைசெய்யப்பட்ட பிறகு பிடிபட்ட கப்பல்களிலிருந்து ஃப்ரீடவுனிலும் (சியரா லியோன்) ஹவானாவிலும் (கியூபா) மீட்கப்பட்டவர்களின் பெயர், வயது, உயரம்கூட இருக்கிறது. காலவரிசைப்படி கப்பல்கள் புள்ளிகளாக நகரும் வரைபடமும் உண்டு, ஒரு தடவை முழுசாக ஓடவிட்டுப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: சில எண்கள் பதிவிலிருந்து நேரடியாக வந்தவை, சில மதிப்பீடுகள். எது எதுவென்று பார்த்து எடுங்கள். என் பழைய போனில் அட்டவணை அடங்கவில்லை, கணினிதான் சரி.