பழைய பத்மினிக்குப் புகைச் சான்று: கார்புரேட்டரா, எம்பிஎஃப்ஐ இன்ஜினா?

டிங்கரிங், பெயின்ட், சீட் என்று பார்த்துப் பார்த்துச் செய்த பிரீமியர் பத்மினி கார் புகை டெஸ்டில் ஃபெயிலானால், நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கம் இரண்டு யோசனை சொல்வார்கள். இருக்கிற 1089 சிசி இன்ஜினையும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரையும் சரிசெய்வது ஒன்று. அதைத் தூக்கிவிட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ இன்ஜினை ஏற்றுவது மற்றது.

என் ஓட்டு முதலாவதுக்கு. பிஎஸ்-2 (பாரத் ஸ்டேஜ்-2) புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில், அதாவது நின்றபடி இன்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) வரை அனுமதி உண்டு. பிஎஸ்-4 காருக்கோ 0.3 சதவீதம், 200 பிபிஎம்தான். இவ்வளவு தாராளமான எல்லைக்குள் வர பழைய இன்ஜினே போதும், ஒழுங்காக இருந்தால்.

ரிப்போர்ட்டில் எந்த எண் எகிறியிருக்கிறது என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது: தேய்ந்த ஜெட், ஃப்ளோட் மட்டம், முழுதாகத் திறக்காத சோக், அடைத்த ஏர் கிளீனர். ஹைட்ரோகார்பன் என்றால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது: தீப்பொறி தரும் பாயிண்ட், கண்டன்சர், பிளக், டைமிங், அப்புறம் வால்வு டேப்பட். இவை எல்லாம் சரியாக இருந்தும் குறையவில்லையா? கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்துவிட வேண்டியதுதான். பிஸ்டன் ரிங் போயிருந்தால் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பலன் இல்லை.

"மிக்சர் ஸ்குரூவை உள்ள ஏத்திருவோம் அண்ணாச்சி, பாஸ் ஆயிரும்" என்பார்கள் மெக்கானிக்குகள். பெட்ரோல் குறைந்து கார்பன் மோனாக்சைடு இறங்கும்தான். அளவு மீறினால் மிஸ்ஃபயர் ஆகி (கலவை எரியாமல் விட்டு) ஹைட்ரோகார்பன் ஏறிவிடும். இந்த வண்டிகளுக்குச் சான்று ஆறு மாதம்தான். இந்த வித்தையை வருஷத்துக்கு இரண்டு தடவை செய்யணும். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் அடங்கும் வகையும் உண்டு, பார்வைக்குப் பழமை கெடாது.

எம்பிஎஃப்ஐ பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் நல்ல நிலையில் இருந்தால் ரிப்போர்ட்டில் எண்கள் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், காலையில் சோக் இழுக்கும் வேலையும் இல்லை. ஆனால் இன்ஜினோடு இசியூ என்ற கம்ப்யூட்டர், ஒயரிங், எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப், அழுத்தம் தாங்கும் லைன் எல்லாம் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதியும் ஆர்சி-யில் பதிவும் வேண்டும். அது இல்லாத மாற்று இன்ஜின், எஃப்சி-க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போதும் விபத்து இன்சூரன்ஸ் கேட்கும்போதும் தலைவலி. இன்னொன்று: 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு அந்தப் பதிவு கிடைக்க இன்ஜினை மாற்றியிருக்கக் கூடாது. 70-களின் பத்மினி வைத்திருப்பவர்கள் இதை யோசிக்கணும். கண்காட்சிக்கு வைக்காமல் தினமும் நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் ஓட்டுகிறவருக்கு இது கவலையில்லை.

எல்பிஜி கிட்? அதையும் ஆர்சி-யில் ஏற்றணும், டிக்கி போய்விடும். விட்டுவிடலாம்.

பழைய இன்ஜினோடு இருப்பவர்கள் எத்தனால் பெட்ரோலை மறக்கக் கூடாது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை லீன் ஆகும், அதாவது எரிபொருளுக்குக் காற்று கூடிவிடும். பழைய ரப்பர் ஹோசும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் ஊறி வெடிப்பு விடும். பிரித்து ஓவரால் செய்யும்போது எத்தனால் தாங்கும் ரப்பரைக் கேட்டுப் போடுங்கள், செட்டிங்கை பங்க் பெட்ரோலிலேயே வையுங்கள். டெஸ்டுக்கு முன் நாலு வழிச் சாலையில் கங்கைகொண்டான் வரை ஓட்டி, இன்ஜின் சூடு ஆறுவதற்குள் டெஸ்ட் மெஷினின் குழாயைச் சொருகச் சொல்லுங்கள்.