ராயபுரம் ஸ்டேஷனை விரலால் பார்க்க எந்த மெஷின்?

ராயபுரம் ஸ்டேஷன் 1856-இல் திறந்தது. நாட்டில் இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் அதுதான் மூத்தது. நான் சாயங்காலம் பாடம் சொல்லித்தரும் பார்வையற்ற பிள்ளைகள் ஐந்து பேருக்கு அது ரயில் சத்தம் வரும் திசை, அவ்வளவுதான். ஒரு தூணைக் கட்டிப் பிடித்துப் பார்க்கலாம். முழு முகப்பும் கைக்குள் வர மாடல் வேண்டும். நாலு வழிகளில் செய்து பார்த்தேன்.

முதலில் சாதாரண த்ரீடி பிரிண்டர். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் போடும் வகை. தண்டையார்பேட்டையில் தெரிந்தவர் பட்டறையில் இருக்கிறது. 1:200 அளவில் எடுத்த முதல் மாடல் கண்ணுக்கு அவ்வளவு அழகு. எட்டாவது படிக்கும் பையன் தூண் வரிசையில் விரலை ஓட்டிவிட்டு, "இன்னாக்கா இது, சீப்பா?" என்றான். தூண்களுக்கு நடுவே விரல் நுழையவே இல்லை. பிறகு கூரையைத் தடவி, "ஓடு போட்டுக்கீதா?" என்று கேட்டான். சரிவான இடத்தில் 0.2 மி.மீ அடுக்குகள் படிப்படியாக நிற்கும். நமக்கு அது மெஷின் விட்ட தடம். அவனுக்கு அது கூரையிலேயே உள்ள ஒன்று. பொய்யான தகவலைக் கையில் கொடுத்துவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை.

தூண்களின் எண்ணிக்கையைக் குறைக்க மனம் வரவில்லை. முகப்பின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து 1:100 ஆக்கினேன். கூரையைத் தனித் துண்டாகப் பிரித்து, சாய்வு மேடுபள்ளமின்றி வரும்படி திருப்பிப் போட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டு நாளில் புது மாடல் வந்துவிட்டது. பிள்ளையின் விரல் சொன்ன திருத்தத்தை அதே வாரத்தில் அவன் கையிலேயே திருப்பிக் கொடுக்க முடிந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த மெஷினின் மதிப்பே அதில்தான்.

அடுத்தது ரெசின் பிரிண்டர், திரவப் பிசினை ஒளியால் இறுக்கி அடுக்கும் வகை. மழமழவென்று எடுக்கும், நுணுக்கமும் அதிகம். ஆனால் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா விளக்கில் காட்டி இறுக்க வேண்டும். சரியாக இறுகாத ரெசின் தோலில் அரிப்பு உண்டாக்கும். பிள்ளைகள் மணிக்கணக்கில் தடவும் பொருளில் அந்த ஆபத்தை நான் எடுக்க மாட்டேன். மெல்லிய பாகங்கள் படக்கென்று உடையவும் செய்யும்.

பிளாட்பாரம், வாசல், டிக்கெட் கவுண்டர் என்று வழி காட்டும் வரைபடத்துக்கு லேசர் கட்டிங்தான். மரத்தூளை அழுத்திச் செய்த 3 மி.மீ எம்டிஎஃப் பலகையை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் சுவர் எது, நடை எது என்று விரலுக்கு உடனே புரிகிறது. கருகிய ஓரத்தைத் தேய்த்துவிட வேண்டும். பிவிசி ஷீட்டை மட்டும் லேசரில் வைக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

சூட்டில் கறுப்புக் கோடு மட்டும் உப்பி எழும் தாளும் உண்டு. கணக்குப் பாடத்துப் படங்களுக்கு நல்லது, கட்டடத்துக்கு ஆகாது.

பிரெயில் பெயர்ப்பட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புள்ளியின் உயரம் அரை மி.மீதான். பட்டையைப் படுக்க வைத்து அச்சிட்டால் புள்ளித் தலையில் பிசிறு நிற்கும். நிறுத்தி வைத்து அச்சிடுங்கள், விரல் வழுக்கிக்கொண்டு படிக்கும். பிரிண்டரில் போடும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரிக்கே இளகும் என்பதால் அக்னி நட்சத்திரத்தில் மூடிய காருக்குள் மாடலை விட்டுவிடாதீர்கள்.

இப்போது எங்கள் மேசையில் இருப்பது லேசரில் வெட்டிய தரை, அதன்மேல் பிரிண்டரில் எடுத்த முகப்பு. போன வாரம் ஒரு பெண் பிள்ளை வாசலிலிருந்து பிளாட்பார ஓரம் வரை விரலால் நடந்துபோய் நின்றாள். "அக்கா, தண்டவாளம் எங்க?"

அகலப்பாதை 1676 மி.மீ. எங்கள் அளவில் 17 மி.மீக்குக் கொஞ்சம் குறைவு, நடுவில் அவள் விரல் தாராளமாக அடங்கும். படம் வரைந்துவிட்டேன், நாளைக்குப் பலகை வெட்டக் கொடுக்கிறேன்.