2 ஜிபி கணினியில் 3,000 புத்தகங்கள்: எந்தத் தரவுத்தளம்?

என் மேசையில் இருப்பது 32 பிட் விண்டோஸ் 7 ஓடும் கணினி. நினைவகம் 2 ஜிபி. வட்டு இன்னும் சுழல்கிற பழைய வகை. வீட்டிலுள்ள 3,000 புத்தகங்களுக்கும் அதில் ஒரு பதிவேடு வேண்டும். யார் எதை இரவல் வாங்கிப் போனார்கள் என்பதும் தெரிய வேண்டும். வெறும் பட்டியலுக்கு எக்செல் போதும். ஒரே புத்தகம் ஐந்து பேரிடம் போய் வந்த கதையைப் பதிந்து வைக்கத்தான் தனித்தனி அட்டவணைகளும் அவற்றை இணைக்கும் வசதியும் தேவைப்படுகின்றன.

பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பெரிய தரவுத்தள மென்பொருள்களான மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வாசலோடு அனுப்பிவிடலாம். மைஎஸ்கியூஎல் 8.0 விண்டோஸில் 64 பிட்டுக்கு மட்டுமே கிடைக்கிறது. போஸ்ட்கிரெஸின் விண்டோஸ் நிறுவிகளும் 11ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான். பழைய பதிப்பைத் தேடிப்பிடித்து நிறுவினாலும், ஒரே ஒருவர் தட்டச்சு செய்யும் வீட்டில் நாள் முழுக்கப் பின்னணியில் ஒரு சர்வர், அதாவது கேட்கும் தரவை எடுத்துத் தரும் தனி நிரல், ஓட வேண்டும். நான்கு தொட்டிச் செடிகளுக்கு ஆழ்துளைக் கிணறு எதற்கு?

மைக்ரோசாப்டின் ஆக்சஸ் அப்படியல்ல. 1992இல் வந்த இந்த மென்பொருள் வீட்டுக்காரர்களின் கைக்கு அடங்கியது. படிவம் வரைவதிலும் அறிக்கை அச்சிடுவதிலும் இங்கே பேசப்படும் எதுவும் அதற்கு ஈடில்லை என்பது என் கருத்து. ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை அட்டைப்படங்களை உள்ளே திணிக்காதவர்கள் நினைத்தும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இது காசு கொடுத்து வாங்க வேண்டியது, விண்டோஸுக்கு மட்டுமானது. 2010 பதிப்பு என் கணினியில் ஓடும் என்றாலும், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 அக்டோபரோடு நின்றுவிட்டன. ஏற்கெனவே வைத்திருப்பவர் மாற வேண்டாம். புதிதாக வாங்கும் அளவுக்கு எனக்கு மனம் வரவில்லை.

லிப்ரெஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் தொகுப்பில் உள்ள பேஸ் இலவசம். ஆக்சஸைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகவும் இருக்காது. சிக்கல் உள்ளே இருக்கிறது. அதனுடன் வரும் எச்எஸ்கியூஎல்டிபி என்ற தரவுத்தள இயந்திரம் இயங்க ஜாவா என்ற மென்பொருளும் கணினியில் இருக்க வேண்டும். 2 ஜிபியில் அது ஒரு சுமை. மேலும் பேஸ் கோப்பு உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் பொதி. செய்த மாற்றங்கள் சேமிக்கும்போதோ மூடும்போதோதான் பொதிக்குள் திரும்பிச் சேர்கின்றன. யுபிஎஸ் இல்லாத வீட்டில் அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால் என்னவாகும் என்று சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

மிஞ்சுவது எஸ்கியூலைட். ரிச்சர்ட் ஹிப் என்ற நிரலாளர் 2000இல் வெளியிட்ட தரவுத்தள மென்பொருள் இது. யாருக்கும் உரிமைத் தொகை கிடையாது. சர்வர் இல்லை, எல்லாம் ஒரே கோப்பு. பென்டிரைவில் நகலெடுத்தால் காப்புப் பிரதி தயார். எதையும் மாற்றுவதற்கு முன் பழைய தரவை அருகில் வேறொரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். பாதியில் மின்சாரம் போனால் அடுத்த முறை திறக்கும்போது அதைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பும். 2050 வரை பராமரிப்பதாக அதை உருவாக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சுழலும் வட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு வரியையும், அதாவது ஒவ்வொரு பதிவையும், தனித்தனியாக உறுதிசெய்தால், வட்டில் எழுதி முடியும்வரை ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வட்டில் நொடிக்கு ஏறத்தாழ 60 வரிதான் போகும். 3,000 வரிக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது ஒரே முறையில் உறுதிசெய்யப்படும் தொகுப்புக்குள், அடக்கினால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். எஸ்கியூலைட் கோப்பைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் உதவும் டிபி பிரவுசர் என்ற இலவசக் கருவியில் இதன் மறுபக்கம் தெரியும்: எழுதச் சொல்லும் பொத்தானை அழுத்தும்வரை மாற்றங்கள் கோப்பில் நிலைக்காது. பத்துப் புத்தகத்துக்கு ஒரு முறை அழுத்துவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தக் கருவியில் அழகான படிவம் எதுவும் இல்லை. கட்டங்களில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

உண்மையான தலைவலி அகரவரிசை. எஸ்கியூலைட் யூனிகோடு எண்களின்படி, அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் தரப்பட்ட எண்களின்படி, அடுக்குகிறது. அந்த எண்வரிசை நம் அகராதி வரிசை அல்ல. யூனிகோடில் ன, ந-வை ஒட்டியும் ற, ர-வை ஒட்டியும் நிற்கின்றன. அதனால் மலை, மழை, மறை என்று வர வேண்டியது மறை, மலை, மழை என்று வருகிறது. மரத்துக்கு முன்னால் மனம் வந்து நிற்கிறது. புள்ளியின் எண் எல்லா எழுத்துகளுக்கும் பின்னால் இருப்பதால், அக்கா அகலுக்குப் பின்னே தள்ளப்படுகிறாள். பைத்தான் என்ற நிரல்மொழியில் நமக்கு வேண்டிய வரிசையை நாமே எழுதிக் கொடுக்கலாம். விண்டோஸ் 7இல் பைத்தான் 3.8 பதிப்பு வரை ஓடும். ஆனால் அங்கே எழுதிய வரிசை டிபி பிரவுசருக்குத் தெரியாது. ஆகவே அட்டவணையில் கூடுதலாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன். தலைப்பின் ஒவ்வொரு எழுத்துக்கும் அகராதியில் அதன் இடத்தைக் காட்டும் ஒரே நீளமுள்ள எண்ணை ஒரு சிறு பைத்தான் நிரல் அதில் நிரப்புகிறது. அடுக்குவது அந்த நெடுவரிசையை வைத்து. கண்ணுக்குத் தெரிவது தலைப்பு மட்டும்.